கடைசி ரீலும் நாற்பது வாளிகளும்

திரையில் பவுனு சித்தியின் முகம் வந்தது. மூக்குத்தி பளிச்சென்று தெரிந்தது. கேள்வி கேட்ட பெண்ணின் குரல் மட்டும் கேட்டது: "அன்னிக்கு எதுக்காகம்மா யாரும் வேலைக்குப் போகல?" சித்தி தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார். அந்த நொடியில் மண்டபத்துக் காவலர் ஹமிட், நாங்கள் மலாயில் 'பாக்சிக்' என்று மரியாதையாகக் கூப்பிடும் பெரியவர், விளக்குகளைப் போட்டு, படக்கருவியின் சுவிட்சை அணைத்துவிட்டார்.

மணி ஐந்து. ஐந்து மணிக்கு மேல் அந்த மண்டபம் பேட்மின்டன் ஆடுகிறவர்களுக்கு. அவர்கள் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

ஜொகூர் மாநிலத்து மாசாயில் அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இருந்த இருநூறு பேரும் உச்சுக்கொட்டினார்கள். நான் ஒருத்திதான் மனதுக்குள் மாரியம்மனுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். பக்கத்து நாற்காலியில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த பவுனு சித்தியும் மெதுவாகப் பிடியை விட்டார். திரையில் வாயைத் திறந்த அதே சித்திதான். தான் பேசுவதை ஊர் கேட்காமல் போனதில் அவருக்கு அப்படியொரு நிம்மதி.

இதையெல்லாம் எழுத ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தொடருக்கு ஒப்புக்கொண்ட அன்றே வெட்கத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். என் கல்யாண மேடையில் நானே மயங்கி விழுந்த கதையைச் சென்ற வாரம் படித்துவிட்டு, குளுவாங்கிலிருந்து ஒரு வாசகி, "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று கேட்டிருந்தார். அம்மா, இந்த வாரம் அதைவிட மோசம். வேண்டுமானால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

ஒரு படம், இரண்டு தோட்டம்

நான் பிறந்த தோட்டத்துக்குப் பத்திரத்தில் ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. அதை நாங்கள் யாரும் சொன்னதில்லை. எங்களுக்கு அது மூணாங்கட்டைத் தோட்டம். இப்போது அங்கே ரப்பர் மரமும் இல்லை, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயமும் இல்லை. வரிசை வீடுகளும் ஒரு பெட்ரோல் நிலையமும் கார் கழுவும் கடையும் இருக்கின்றன. இதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடப் போவதில்லை. லயத்து வீட்டுக் கூரை ஒழுகலுக்குப் பாத்திரம் வைத்து வளர்ந்தவளுக்கு அந்த ஏக்கமெல்லாம் வராது.

ஏங்குவதற்கு ஒன்றே ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஒரு ராத்திரி திடலில் படம் போடுவார்கள். இரண்டு மூங்கில் கம்பங்களுக்கு நடுவில் வெள்ளைத் துணி. கிராணி வீட்டு ஆட்களுக்கு நாற்காலி, எங்களுக்குச் சாக்கு. கிராணி என்றால் தோட்ட ஆபீசில் பேரேடு எழுதுகிறவர். வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி எங்களுக்கு அவர்தான் சாமி.

இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் போய் உட்காருவார்கள். என் அப்பாவுக்கு எப்போதும் பின்பக்கம்தான். அங்கே நெரிசல் இல்லை, நிம்மதியாகச் சுருட்டுப் பிடிக்கலாம் என்பார். பின்பக்கத்தில் எல்லாமே திருப்பித் தெரியும். அதனால் சினிமாக் கதாநாயகர்கள் அத்தனை பேரும் இடதுகைக்காரர்கள் என்று என் அப்பா சாகும்வரை நம்பினார்.

படச்சுருள் இருப்பது ஒரு செட்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் முதலில் ஓடும். ஒவ்வொரு ரீலும் முடிய முடிய ஓர் ஆள் அதை மோட்டோசைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு எங்களிடம் பறந்து வருவார். ரீலுக்கும் ரீலுக்கும் நடுவில் கச்சான் கடலை விற்பனையும், வாய்ச்சண்டையும், ஓரிரு காதலும் நடக்கும்.

அன்றைக்கு ஓடிய படத்தின் பெயர் எனக்கு ஞாபகமில்லை. ஞாபகம் இருந்திருந்தால் இவ்வளவு வம்பும் வந்திருக்காது. செய்யாத குற்றத்துக்காக ஒரு பெண் நீதிமன்றக் கூண்டில் நிற்கிறாள். யார் செய்தது என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் அவள் குடும்பமே சிதறிப்போகும். நீதிபதி, "உண்மையைச் சொல்லம்மா" என்கிறார். அவள் தலையை நிமிர்த்துகிறாள். துணி வெள்ளையாகிவிட்டது. ரீல் முடிந்தது.

கடைசி ரீல் வர நேரமாயிற்று. ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்றார்கள். பெரிய கிராணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விடிவதற்கு முன்னாலேயே பெரட்டு இருக்கிறது, எல்லாரும் போய்ப் படுங்கள் என்று எழுந்தார். பெரட்டு என்பது விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. நாங்கள் சாக்கை மடிக்கும்போதுதான் வளைவில் மோட்டோ விளக்குத் தெரிந்தது. ரீல் வந்துவிட்டது. பெரிய கிராணி அந்த ஆளை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

கீழே வைத்த கத்தி

பவுனு சித்தி எங்களுக்கு உறவில்லை. அடுத்த வீடு. லயத்தில் நடுச்சுவர் கூரைவரை போகாது. அவர் வீட்டில் மீன் பொரித்தால் நாங்கள் இங்கே இருந்தபடி சோறு சாப்பிடலாம். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கணவர் வாய் திறக்காத மனிதர். நாலு வயதில் சந்திரன் என்று ஒரு மகன்.

மறுநாள் பெரட்டில் சித்தியின் பெயரைக் கூப்பிட்டபோது, அவர் தன் பால் வெட்டும் கத்தியைப் பெரிய கிராணியின் காலடியில் வைத்தார் என்று அம்மா சொல்வார்.

"கடைசி ரீலப் போடுங்க. அப்புறம் கத்தியத் தொடுறோம்."

அவ்வளவுதான் பேசினாராம். பிறகு பெரிய முனியம்மா வைத்தார். சின்ன முனியம்மா வைத்தார். கறுப்பு முனியம்மாவும் வைத்தார். எங்கள் தோட்டத்தில் முனியம்மாக்களுக்குப் பஞ்சமே கிடையாது. பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள் தரை முழுக்கக் கத்தி.

மூன்று நாள் ஒரு மரத்திலும் பால் வெட்டவில்லை. துரைக்கு முதலில் விஷயமே விளங்கவில்லையாம். கூலி கேட்கிறார்களா, அரிசி கேட்கிறார்களா என்று விசாரித்திருக்கிறார். சினிமாவின் முடிவைக் கேட்கிறார்கள் என்று சொல்லக் கிராணிக்கு வாய் வரவில்லை. நாலாம் நாள் ரீலைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வந்தது. கூடவே இன்னொரு உத்தரவும் வந்தது. பவுனு சித்தியின் குடும்பம் அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

மத்தியானம் லோரி வந்தது. அம்மிக்கல், தகரப் பெட்டி, கோழிக்கூடு. அதற்கு மேல் சந்திரனை உட்கார வைத்தார்கள். அவன் அழவில்லை, வீட்டையே பார்த்துக்கொண்டு போனான். அன்று ராத்திரி திடலில் கடைசி ரீலை மட்டும் போட்டார்கள். அதைக் கேட்டு வாங்கியவர் பார்க்கவில்லை.

இப்போது ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ரீல் ஓடியபோது நான் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தேன். எட்டு வயது. ஒரு தோட்டமே வேலையை விட்டு, ஒரு குடும்பம் வீட்டை விட்டு, வாங்கித் தந்த ரீல். நான் தூங்கிவிட்டேன். காலையில் அம்மாவிடம் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "நல்லபடியா முடிஞ்சிச்சு, போய் மூஞ்சக் கழுவு" என்றார். எனக்குத் தெரிந்த முடிவு அவ்வளவுதான்.

நேரம் தவறாதவன்

பல வருஷம் கழித்து, பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கேன்டீனில் மேசை துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என் முகத்தையே பார்த்தார். மூணாங்கட்டை ராணிதானே என்றார். பவுனு சித்தி. இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டோம். நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே சித்தி கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"அந்தப் பொண்ணு கூண்டுலேர்ந்து தப்பிச்சிச்சா?"

தூங்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? தப்பித்துவிட்டாள் சித்தி, நிஜக் குற்றவாளி கூட்டத்திலிருந்து எழுந்து வந்து ஒப்புக்கொண்டான் என்று அளந்தேன். சித்தி கையிலிருந்த துணியை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் இரண்டு முறை கேட்டார். சித்தப்பா தவறிப்போன சமயத்தில் ஒரு முறை, என் மகள் பிறந்தபோது ஒரு முறை. அந்தந்த நேரத்துக்குத் தகுந்த மாதிரி ஒரு முடிவைச் சொல்லி வைத்தேன்.

தோட்டத்தை விட்டுப் போனபிறகு அவர்கள் பட்டது கொஞ்சமல்ல. ஒரு மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு மூன்று வருஷம். சந்திரன் அங்கே வளர்ந்தான். அதை அவன் மறக்கவேயில்லை. வேலையை ஒரு நாள் விட்டால் வீடு போய்விடும் என்பதைத்தான் அவன் அங்கே கற்றான்.

அவனும் தொழிற்சாலையில்தான் சேர்ந்தான். ஷிப்ட் சூப்பர்வைசர் ஆனான். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு நாள்கூடக் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. வருஷா வருஷம் அதற்கொரு சான்றிதழ் கொடுப்பார்கள். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் வரிசையாக மாட்டியிருக்கிறான். பிள்ளையாருக்கு மூச்சுவிட இடமில்லை.

நல்ல பிள்ளை. அம்மாவுக்கு மருந்து, மாத்திரை, பண்டிகைக்குச் சேலை என்று ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் சித்தி தொலைக்காட்சிப் பெட்டியைப் போட்டால் மட்டும் ஒரு வார்த்தை வரும்.

"படம் பாத்துப் பாத்துத்தானேம்மா வீட்டத் தொலைச்சீங்க."

முதலில் வேடிக்கையாகத்தான் சொன்னான். பிறகு அது பழக்கமாகிவிட்டது. அந்த வீட்டில் சித்தி உட்கார்ந்து ஒரு படம்கூட முழுதாகப் பார்த்ததில்லை. கருவேப்பிலை கேட்க வருவது போலப் பக்கத்துத் தெருவிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். ஒரு கொத்துக் கருவேப்பிலைக்கு மூன்று மணி நேரம் ஆகும்.

ஆலோசகர் அட்டை

போன வருஷம் கோலாலம்பூரிலிருந்து தர்ஷினி என்ற பெண் வந்தாள். காணாமல் போன தோட்டங்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறவள். மூணாங்கட்டையில் மூன்று நாள் யாரும் வேலைக்குப் போகவில்லை என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள். காரணம் மட்டும் தெரியவில்லை. பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள் என்று எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், கேட்டுக்கொண்டு திரிந்தாள்.

அன்று சாயங்காலமே சித்தி வந்துவிட்டார். கருவேப்பிலை கேட்கவில்லை.

"ராணி, அந்தப் பொண்ணு கேட்டா, தண்ணிக் குழாய்க்காக வேலைய நிறுத்துனோம்னு சொல்லிடு."

"எதுக்கு சித்தி?"

"படத்துல வந்துட்டா அதான் சரித்திரம்லா. எம் மவன் பாப்பான். ஒரு வாட்டியாவது அவன் என்ன நல்ல மாதிரி நெனைக்கட்டும்."

நான் வெடுக்கென்று பேசுகிறவள் என்று ஊருக்கே தெரியும். பொய் பிடிக்காது என்று வேறு சொல்லிக்கொண்டு திரிகிறவள். ஆனால் எழுபத்தைந்து வயதில் ஒரு தாய் வந்து இப்படிக் கேட்டால் யாரால் முடியாது என்று சொல்ல முடியும்? தவிர, சித்தியிடம் நான் ஏற்கெனவே பொய்க் கடன்காரி. சொல்கிறேன் என்றேன்.

பொய்யில் ஒரு கெட்ட குணம், அது ருசியானது. கேமரா முன்னால் உட்கார்ந்ததும் எனக்கு அருள் வந்துவிட்டது. குழந்தைகள் தாகத்தால் அழுததைச் சொன்னேன். பெண்கள் காலி வாளியோடு ஆபீஸ் வாசலில் நின்றதைச் சொன்னேன். தர்ஷினியின் கண் கலங்கியது. எத்தனை வாளிகள் இருக்கும் அக்கா என்று கேட்டாள். "ஒரு நாப்பது இருக்கும்" என்றேன்.

அந்த நாற்பது என் தலையில் விடிந்தது. அந்தக் காட்சியை நடிக்க வைத்தே எடுப்பது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். ஆயர் ஈத்தாம் தாண்டி ஒருவரிடம் கொஞ்சம் ரப்பர் மரம் மிச்சம் இருந்தது. இப்போதெல்லாம் பால் பிடிக்கப் பிளாஸ்டிக் கோப்பை. பழைய மண் கோப்பைதான் வேண்டும் என்று ஆயர் ஈத்தாம் பானைக்கடையிலேயே சொல்லிச் செய்தாள். தகர வாளிக்கு மாசாயிலிருந்து ஜொகூர் பாருவரை கடை கடையாக அலைந்தோம். என் கழுத்தில் 'வரலாற்று ஆலோசகர்' என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது என்பது இதுதான்.

நடிக்க வந்தவர்கள் எல்லாம் எங்கள் தாமான் ஆட்கள். காலையில் நாசி லெமாக் சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு, வாடிய முகம் காட்டச் சொன்னால் எப்படி வரும்? ஒருவருக்கு ஏப்பம் வந்து மூன்று முறை எடுத்தார்கள். மூணாங்கட்டையில் என்னோடு வளர்ந்த பழனி வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நம்ம தோட்டத்துல கெணறு நாலு இருந்துச்சே?" என்றான்.

"ஆலோசகர் நீயா நானா?" என்று கேட்டேன். அடங்கிப்போனான்.

விடுமுறை எடுக்காத சந்திரன், அன்று தன் ஓய்வு நாளில் வந்திருந்தான். அதுதான் எனக்குத் திக்கென்றது. ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் நின்றான். "தண்ணி வேணும்" என்று அவன் கத்தின கத்தலில் மரத்திலிருந்த பறவைகள் பறந்தன. இடைவேளையில் என்னிடம் வந்தான். தண்ணீருக்காகத்தான் என்று அம்மா ஒரு நாளும் சொல்லவில்லையே அக்கா என்றான். எனக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தது. அந்தக் காலத்து மனுஷர்கள் பெருமை பேச மாட்டார்கள் தம்பி என்று இன்னொரு பொய்யைச் சேர்த்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அவன் மாறிவிட்டான். தண்ணீருக்காக எங்கள் அம்மா துரையையே எதிர்த்து நின்றார் என்று தொழிற்சாலையில் எல்லாரிடமும் சொன்னான். வீட்டில் அந்த ஒரு வார்த்தை நின்றுபோனது. ஒரு நாள் அவனே தொலைக்காட்சியைப் போட்டு, பாருங்கம்மா என்று ரிமோட்டைக் கையில் கொடுத்தானாம். சித்தி அதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் சந்தோஷமும் இருந்தது, திருட்டு முழியும் இருந்தது.

பதினோரு பொன்னாடைகள்

படம் முடிந்து முதல் காட்சி மாசாயில். மண்டபம் மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்துவரை எங்களுக்கு. படம் நூறு நிமிஷம். தாராளமான நேரம் என்று தர்ஷினி நினைத்தாள். பாவம், எங்களைப் பற்றி அவளுக்குத் தெரியவில்லை.

நம் விழா ஒன்று சொன்ன நேரத்துக்குத் தொடங்கினால் அது யார் வீட்டுச் சாவோ என்று பயப்பட வேண்டியிருக்கும். பிரமுகர் வர ஒரு மணி நேரம். விளக்கேற்றத் தீப்பெட்டி தேட பத்து நிமிஷம். வரவேற்புரை, வாழ்த்துரை, அந்த வாழ்த்துரைக்கு நன்றியுரை. பிறகு பொன்னாடை. பதினோரு பேருக்கு. ஒவ்வொருவருக்கும் போர்த்தியபின் படம் எடுக்க வேண்டும், கண் மூடியிருந்தால் மறுபடி எடுக்க வேண்டும். ஒன்பதாவது பொன்னாடை எனக்கு. அதனால் இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன்.

போர்த்திய பொன்னாடையோடு வந்து உட்கார்ந்தேன். சித்தி என் காதருகில் குனிந்தார்.

"ராணி, கடைசில நான் உண்மையச் சொல்லிட்டேன்டி."

எனக்கு அந்தக் குளிர்சாதன மண்டபத்திலும் வேர்த்தது. வாளிக் காட்சியெல்லாம் எடுத்து முடித்த பிறகு, சித்தியைத் தனியாகப் பேச வைத்துப் படம் பிடிக்க தர்ஷினி மறுபடி வந்திருக்கிறாள். சித்தி தண்ணீர்க் குழாய் என்று சொல்லத்தான் உட்கார்ந்தாராம். கேமரா முன்னால் தலையை நிமிர்த்தியதும் அந்தக் கூண்டுப் பெண் ஞாபகத்துக்கு வந்துவிட்டாளாம். பொய் வாயில் வரவில்லையாம். எனக்கு மட்டும் எவ்வளவு சரளமாக வந்தது என்று நினைத்தபோது கூசியது. தர்ஷினி போன வாரம் என்னிடம், கடைசிவரை இருந்து பாருங்கள் அக்கா என்று சிரித்துக்கொண்டு சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

"அவன் மறுபடி அந்த மாதிரி பேச ஆரம்பிச்சிடுவான்லா" என்றார் சித்தி. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். நடைபாதை ஓரத்தில் சந்திரன் சீருடையோடு உட்கார்ந்திருந்தான். மடியில் சாப்பாட்டுப் பை. அவனுக்கு இரவு ஷிப்ட். வெளியே பெரிய சடக்கில், அதாவது சாலையில், கம்பெனி பஸ் ஐந்தேகாலுக்கு வரும். படம் முடிந்ததும் நேராக பஸ்ஸில் ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டு வந்தவன்.

படம் தொடங்கும்போது மணி மூன்றரையைத் தாண்டிவிட்டது. வாளிக் காட்சிக்குக் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சந்திரன் சுற்றிலும் பார்த்துச் சிரித்தான். எங்கம்மா, எங்கம்மா என்று பக்கத்து ஆளிடம் கையைக் காட்டினான். நானும் சித்தியும் காய்ச்சல் வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். பிறகு சித்தியின் முகம் வந்தது. கேள்வி வந்தது. வாய் திறந்தது. பாக்சிக் சுவிட்சை அணைத்தார்.

நான் ஏன் தேங்காய் நேர்ந்துகொண்டேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

பஸ் ஹாரன்

கூட்டம் எழுந்து செருப்பைத் தேடியது. தர்ஷினி பாக்சிக்கிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். இன்னும் பன்னிரண்டு நிமிஷம்தான் என்றாள். பாக்சிக் நல்ல மனிதர், ஆனால் விதி விதிதான். நேரம் முடிந்துவிட்டது, பேட்மின்டன்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்றார். எனக்கு அவரை எழுந்துபோய்க் கும்பிட வேண்டும்போல இருந்தது.

சந்திரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தான். அப்பாடா, பஸ்ஸுக்குப் போகிறான் என்று நினைத்தேன். அவன் வாசலுக்குப் போகவில்லை. பாக்சிக்கிடம் போனான். மலாயில் மரியாதையாகத்தான் பேசினான். எங்கள் அம்மா பேச வாயைத் திறந்திருக்கிறார், கேட்காமல் எப்படிப் போவது என்றான். பாக்சிக் கடிகாரத்தைக் காட்டினார்.

சந்திரன் தோளிலிருந்த பையைக் கழற்றி அவர் காலடியில் வைத்தான்.

"முடிவப் போடுங்க பாக்சிக். அப்புறம் போறேன்."

சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சித்தி மறுபடி என் கையைப் பிடித்தார். இந்த முறை பயத்தில் இல்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே சடக்கில் பஸ் ஹாரன் கேட்டது. ஒரு தடவை. சந்திரன் தலையைத் தூக்கினான். இரண்டாம் தடவை. முப்பது சான்றிதழும் அவன் கண் முன்னால் ஓடியிருக்கும். எழுந்திருக்கவில்லை. மூன்றாம் தடவை அடித்துவிட்டு பஸ் கிளம்புகிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

முதலில் பழனி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். பிறகு அவன் பின்னால் ஒரு குடும்பம். எழுந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பேட்மின்டன் ஆடவந்த மலாய்க்காரர் ஒருவரும் இரண்டு சீனர்களும் என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். யாரோ விளக்கினார்கள். அவர்களும் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். பாக்சிக் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். "அலாமாக்" என்று தலையில் கை வைத்துவிட்டு விளக்கை அணைத்து, படக்கருவியைப் போட்டார்.

திரையில் சித்தி பேசினார்.

"தண்ணிக்கு இல்லம்மா. படத்துக்குத்தான். மாசம் பூரா அவங்க சொல்ற நேரத்துக்கு எந்திரிச்சோம், அவங்க சொல்ற நேரத்துக்குப் படுத்தோம். மாசத்துல ஒரு ராத்திரிதான் எங்களுது. அதயும் முடிக்காம எந்திரிச்சுப் போன்னா எப்படிப் போறது? வீடு போயிடுச்சு. எம் மவனுக்கு அதுல கோவம். நியாயமான கோவம். ஆனா இன்னொரு வாட்டி நடந்தாலும் நான் அதயேதான் கேப்பேன்."

பிறகு மூணாங்கட்டைத் திடல் இருந்த இடத்தைக் காட்டினார்கள். கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெயர்கள் ஓடின. எல்லா முனியம்மாக்களின் பெயரும் இருந்தது. படம் முடிந்தது.

யாரும் கைதட்டவில்லை. அந்த அமைதியில் பழனி சொன்னான்:

"நான்தான் அப்பவே சொன்னேன்ல, கெணறு நாலுன்னு."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. இருநூறு முகங்களும் வரலாற்று ஆலோசகர் பக்கம் திரும்பின. நான் பொன்னாடையை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டேன். பொன்னாடையால் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

துணிக்குள்ளிருந்து பார்த்தேன். சந்திரன் எழுந்து எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. வந்ததும் கத்துவான் என்று நினைத்தேன். அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் குந்தினான்.

"பஸ்ஸு போயிடுச்சும்மா."

"போனாப் போவுது. நாளைக்கி வரும்" என்றார் சித்தி.

அவன் கொஞ்ச நேரம் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பால் வெட்டின கை, மேசை துடைத்த கை. பிறகு ஐம்பது வருஷமாக அவன் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"சரி, அந்தப் பொண்ணு கூண்டுல என்னதாம்மா சொல்லிச்சு?"

சித்தி என்னைக் காட்டினார். "அவளக் கேளு. அவதான் பாத்தா."

பொன்னாடைக்குள் ஒளிய இனி வழியில்லை. முன்வரிசை முழுக்கத் திரும்பி உட்கார்ந்துவிட்டது. தர்ஷினி கேமராவைக் கையில் எடுப்பது தெரிந்தது.

"நான் பாக்கல சித்தி" என்றேன். "அப்பா தோள்லயே தூங்கிட்டேன். உங்ககிட்ட சொன்னதெல்லாம் பொய்யி."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தி என் தலையிலிருந்த பொன்னாடையை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுவிட்டார்.

"தெரியும்டி. மூணு வாட்டி கேட்டேன். மூணு முடிவு சொன்ன. மூணும் நல்லாத்தான் இருந்துச்சு."

பாக்சிக் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றார். பேட்மின்டன்காரர்கள் எழுந்திருக்கவில்லை. சந்திரன் ஒரு நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டான். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான்.

"மூணயும் சொல்லுங்கக்கா," என்றான். "எனக்கு நேரம் இருக்கு."